எருமைக்குட்டையில் விட்ட மீன்

ஊரில் எத்தனையோ பேர் மீன் வாங்குகிறார்கள், குழம்பு வைக்கிறார்கள், முள்ளைத் துப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போகிறார்கள். அவர்களால் எந்தக் குட்டைக்கும் கேடு வந்ததில்லை. பிறந்ததிலிருந்து ஒரு மீனை விரலால்கூடத் தொட்டிராத நெல்லையப்ப பிள்ளைதான் சைதாப்பேட்டை எருமைக்குட்டையின் தலையில் மண்ணை வாரிப் போட்டார். அதுவும் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டு போட்டார். என்னத்தைச் சொல்ல!

நெல்லையப்பனுக்குத் தியாகராய நகரில் லைனிங் துணிக் கடை. ரங்கநாதன் தெருவிலிருந்து ஒடிந்து போகிற சந்து ஒன்றில், ரெண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய கடை. ரவிக்கைக்குள் வைத்துத் தைக்கிற துணியில் உலகத்தில் என்னென்ன நிறம் உண்டோ அத்தனையும் அங்கே கிடைக்கும். திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். கே.கே. நகரில் வீடு. மனைவி புஷ்பம் போன வருஷம் தை மாதம் நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தாள். மிச்சம் இருப்பது மகள் சிந்து ஒருத்திதான்.

அந்தச் சிந்துவோடு அவருக்கு வெகுநாள் முகம்கொடுத்த பேச்சே கிடையாது. உயிரியல் படித்த பெண், ஏதாவது ஒரு காலேஜில் ஒழுங்காகப் பாடம் சொல்லிக் கொடுப்பாள் என்று பார்த்தால், அடையாற்றங்கரையில் கிடந்த ஒரு குப்பைக் குழியைக் கட்டிக்கொண்டு மாரடிக்க ஆரம்பித்தாள். ஒரு காலத்தில் எருமை குளிப்பாட்டின குட்டை அது. பிறகு ஊரே சேர்ந்து கட்டட இடிபாட்டையும் கிழிந்த மெத்தையையும் செத்த நாயையும் கொட்டி மேடாக்கிவிட்டது. சிந்து ஒரு சின்ன அறக்கட்டளையோடு சேர்ந்துகொண்டு, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, இடிபாட்டை அள்ளினாள். சாக்கடையை வேறு பக்கம் திருப்பினாள். ஆற்றுக்கும் குட்டைக்கும் நடுவே அடைபட்டுக் கிடந்த ஓடையைத் திறந்துவிட்டாள். கரையில் கோரையும் நாணலும் நட்டு, செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளிலிருந்து கெண்டை, உளுவை, பனையேறி என்று நாட்டு மீன்களைக் கொண்டுவந்து விட்டாள். கல்யாண வயது அந்தச் சேற்றிலேயே போயிற்று. “கடைக்காரன் மக சாக்கடை அள்ளுதா” என்று நெல்லையப்பன் சொந்தக்காரர்களிடம் குமுறியதெல்லாம் அவள் காதுக்கும் போனது.

புஷ்பம் செத்த பிறகுதான் மாறியது. காலியான வீட்டில் உட்கார முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை தயிர்சாதத்தைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு எருமைக்குட்டைக்குப் போனார். சிந்து கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அப்புறம் கோரைக்கு நடுவே கையை நீட்டி, “அங்க பாருங்கப்பா, முக்குளிப்பான். முங்கும், எங்க எந்திரிக்கும்னு சொல்ல முடியாது” என்றாள். கோழிக்குஞ்சு அளவுக்கு ஒரு பழுப்புப் பறவை. முங்கியது. வேறெங்கோ எழுந்தது. அன்றைக்கு அப்பனும் மகளும் அந்தப் பறவை எங்கே எழும் என்று பந்தயம் கட்டிச் சிரித்தார்கள். அதன்பின் ஒரு ஞாயிறுகூட அவர் தவறவில்லை. அறுபத்தைந்து வயதில் தன் மகளை அவர் அப்போதுதான் பார்த்தார். அவளையும் இழந்துவிட்டால் நாம் எதற்கு என்று அவருக்குத் தோன்றும். அது சத்தியமான பயம்.

ஆடி அமாவாசையன்று மயிலாப்பூரில் கபாலி கோயில் குளக்கரைக்குப் போய்ப் புஷ்பத்துக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார். விட்ட கையோடு ஒரு பொட்டலம் பொரி வாங்கி மீன்களுக்கு வீசினார். படிக்கட்டில் இருந்த சாஸ்திரிகள், “பொரி போடறது நல்லதுதான். சாகப்போற ஜீவனுக்கு உயிர் குடுத்தா அதைவிட விசேஷம்” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவருக்கு அன்றைக்கு நூறு பேர். சொன்னதை அப்போதே மறந்திருப்பார். நெல்லையப்பன் மறக்கவில்லை.

திரும்புகிற வழியில் ஆட்டோ சைதாப்பேட்டை மார்க்கெட் பக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டது. பக்கத்திலேயே மீன் கடைகள். வழக்கம்போல் நெல்லையப்பன் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பப் பார்த்தார். ஆனால் கண் ஒரு நீலத் தொட்டியில் போய் விழுந்துவிட்டது. தொட்டியில் அரைச்சாண் தண்ணீர். அதற்குள் மீசை வைத்த கறுப்பு மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று நெளிந்தன. ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டு உள்ளே போயிற்று. மறுபடி வந்தது. மறுபடி வாயைத் திறந்தது.

புஷ்பம் கடைசி வாரம் அப்படித்தான் கிடந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாயைத் திறந்து திறந்து மூடினாள். காற்று அறை நிறைய இருந்தது, அவளுக்குள் போகவில்லை. இவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாரே தவிர, ஒரு மூச்சு வாங்கிக் கொடுக்க முடியவில்லை.

ஆட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கினார். கடைக்காரர் இவர் நெற்றி விபூதியைப் பார்த்துச் சற்றுத் தயங்கினார்.

“இன்னா சாமி, வழி தெரியாம வந்துட்டியா?”

“இந்தத் தொட்டியில கெடக்கது பூராவும் வேணும்.”

“கொழம்புக்கா, வறுவலுக்கா? வெட்டித் தரவா?”

“வெட்டாத! வெட்டாத!” நெல்லையப்பன் கிட்டத்தட்டக் கத்திவிட்டார். “உசுரோட குடு.”

மூடி போட்ட பெயின்ட் பக்கெட்டில் தண்ணீரோடு வாங்கிக்கொண்டார். எங்கே விடுவது என்று யோசிக்கவே இல்லை. இந்த நகரத்தில் நல்ல தண்ணீர் என்று அவர் நம்பியது ஒன்றே ஒன்றுதான், அது அவர் மகள் உண்டாக்கின தண்ணீர்.

எருமைக்குட்டையின் கதவைக் காவல் காத்தவர் வேதநாயகம். சீனிவாசபுரத்து மீனவர். இடுப்பு எலும்பு தெறித்த பிறகு கடலை விட்டுவிட்டு இங்கே வந்தவர். சிந்துவுக்கு அண்ணன் மாதிரி, அவரில்லாமல் அந்தக் குட்டையில் ஒரு செடி நட்டதில்லை. அன்றைக்குச் சிந்து அங்கே இல்லை.

“இன்னா சார் பக்கெட்டு?” என்று கேட்டார் வேதநாயகம்.

“அமாவாசை. அவளுக்காகத் தண்ணி ஊத்தணும்” என்றார் நெல்லையப்பன். பக்கெட்டின் மேல் ஈரத்துண்டு கிடந்தது. கண் கலங்கியிருந்தது.

“போங்க சார். போய் ஊத்துங்க” என்று கதவைத் திறந்துவிட்டு, பெரியவர் மனைவிக்குச் செய்வதை வேடிக்கை பார்க்கக் கூடாது என்று வேதநாயகம் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நெல்லையப்பன் கோரைக்குள் பக்கெட்டைச் சாய்த்தார். மீன்கள் வழுக்கிக்கொண்டு போயின. ஒன்று மட்டும் கரையோரம் நின்று மேலே வந்து ஒரு வாய்க் காற்றைக் குடித்துவிட்டு உள்ளே இறங்கியது. “போ தாயி, போய் நல்லா மூச்சு விடு” என்றார் நெல்லையப்பன். அன்றைக்குத்தான் புஷ்பம் போன பிறகு முதல் தடவையாக அவர் அழாமல் தூங்கினார்.

சிந்துவிடம் அவர் சொல்லவில்லை. குட்டைக்கரையில் ‘பொரி போடாதீர்’ என்று அவளே பலகை வைத்திருந்தாள். பொரியோடு வருகிறவர்களைக் கண்டால் அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிப்பதை இவர் கண்ணால் பார்த்திருக்கிறார். பொரிக்கே அப்படியென்றால் இதைச் சொன்னால் திட்டியே கொன்றுவிடுவாள். பிறகு ஒரு நாள், நல்ல நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தார்.

மழைக்காலம் வந்தது, குட்டை நிறைந்தது. தை பிறந்த பிறகுதான் சிந்துவின் முகம் வாட ஆரம்பித்தது. தயிர்சாதத்தை அளைந்துகொண்டே இருப்பாள்.

“தவளைச் சத்தமே இல்லப்பா. உளுவை ஒண்ணுகூட கண்ணுல படல. முக்குளிப்பான் குஞ்சு நேத்து ரெண்டு இருந்துச்சு, இன்னிக்கு ஒண்ணுதான்.”

“பாம்பு கீம்பு புடிச்சிருக்கும்ட்டி.”

“பாம்பு எப்பவும்தான் இருக்கு. இது வேற.”

அவள் கரையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். மாசிக் கடைசியில் முக்குளிப்பான்கள் குட்டையை விட்டே போய்விட்டன. தண்ணீர் கலங்கலாகவே கிடந்தது. நெல்லையப்பன் மகளுக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். பாவம், அந்த மனுஷருக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. மீன் மீனைத் தின்னும் என்பதே அவருக்குத் தெரியாது. மீன் என்றால் பொரி தின்னும். அவர் கண்ட மீனெல்லாம் கோயில் குளத்து மீன்தானே.

பங்குனியில் வலை போட்டார்கள். நெல்லையப்பன் தூக்குச்சட்டியோடு கரையில் நின்றுகொண்டிருந்தார். இழுத்த வலையில் கெண்டை இல்லை, பனையேறி இல்லை. முழங்கை நீளத்துக்கு, தொடைச் சதை பருமனுக்கு, மீசை வைத்த கறுப்பு மீன்கள் புரண்டன. வேதநாயகம் வாயில் கை வைத்துக்கொண்டார். சிந்து ஒன்றைக் கரையில் போட்டு வயிற்றைக் கீறினாள். உள்ளே பொடிமீன் கூழ். அதற்கு நடுவில் பறவைக் குஞ்சு ஒன்றின் கால், விரல் விரித்தபடி.

நெல்லையப்பன் கிட்டே வந்து குனிந்தார். “இது... இது என்ன மீனு?” என்றார்.

“ஆப்பிரிக்கக் கெளுத்திப்பா. வளர்க்கவே கூடாதுன்னு தடை போட்ட சனியன். கண்டதையும் தின்னும், ஒரு மழைக்கே ஆயிரமாப் பெருகும்.” சிந்து கத்தியை மண்ணில் குத்தினாள். “யாரோ கொண்டுவந்து விட்டிருக்காங்க.”

“தண்ணியில... மேல வந்து வாயத் தெறந்து தெறந்து... மூச்சுக்குத் தவிக்குமே, அந்த மீனா?”

“தவிக்கலப்பா அது. அது மேல வந்துதான் காத்து குடிக்கும். அப்படிப் படைச்சிருக்கு. தண்ணியே இல்லாமகூட நாளெல்லாம் கிடக்கும். அதனாலதான் இதைக் கொல்றதே கஷ்டம்.”

நெல்லையப்பன் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார். கையிலிருந்து நழுவியது என்று சொன்னாலும் தப்பில்லை. அந்தத் தொட்டியில் எதுவும் சாகவில்லை. எதற்கும் மூச்சு முட்டவில்லை. அவர் புஷ்பத்தைக் காப்பாற்றவில்லை, யாரையும் காப்பாற்றவில்லை. நிமிர்ந்தார். வேதநாயகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடி அமாவாசையும் பக்கெட்டும் ஈரத்துண்டும் அந்தப் பார்வையில் இருந்தன.

இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வார்த்தை. ‘நான்தான்’ என்று ஒரு வார்த்தை. திறக்கவில்லையே! மகள் அந்தக் குஞ்சின் காலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். 

அந்த வாரமே அறக்கட்டளைத் தலைவர் ராஜகோபாலன் வந்தார். மயிலாப்பூர்க்காரர், பெரிய பதவியிலிருந்து ரிட்டயரானவர், கெட்டவர் இல்லை. கரையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஓடை வாயில பொடிக்கண்ணி வலை கட்டியிருக்கு, ஆத்துலேர்ந்து வர வழியில்லை. சுத்தி வேலி இருக்கு. கதவு பூட்டியிருக்கு. சாவி ஒருத்தர் கையிலதான் இருக்கு. அப்ப எப்படிம்மா வந்தது? அவரோட ஆத்துக்காரி மார்க்கெட்ல மீன் விக்கறாள்னு எல்லாரும் சொன்னாளே. இங்க வளர்த்து அங்க விக்கலாம்னு நெனைச்சிருப்பார்.”

“சார், வேதநாயகம் அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை.”

“நீயே கேளேன். யார் உள்ள வந்தான்னு அவருக்குத் தெரியாம இருக்குமா?”

சிந்து கேட்டாள். வேப்பமரத்தடியில் எல்லோரும் நின்றார்கள். நெல்லையப்பன் மகளுக்குப் பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில்.

“அண்ணே, யாராவது மீன் கொண்டுவந்து விட்டாங்களா? உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. உங்க மேல பழி வருதுண்ணே.”

வேதநாயகம் நெல்லையப்பனைப் பார்த்தார். அவசரமே இல்லாமல், ‘நீங்க பேசுங்க’ என்பது போல வெகுநேரம் பார்த்தார். நெல்லையப்பன் செருப்பு நுனியால் ஒரு வேப்பங்கொட்டையை மண்ணுக்குள் அழுத்திக்கொண்டிருந்தார்.  சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒருத்தன் கத்தினான். வெளியே வரவில்லை.

“தெரியலம்மா” என்றார் வேதநாயகம்.

“எம்பொஞ்சாதி கடல் மீன் விக்கறவ. கொளத்து மீனைக் கையால தொடமாட்டா. அத மட்டும் சொல்லிக்கறேன்.” இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து நாற்காலியின் மேல் வைத்தார். நெல்லையப்பனைத் தாண்டித்தான் கதவுக்குப் போக வேண்டும். இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து நடந்து தாண்டிப் போனார். அப்போது திரும்பிப் பார்க்கவில்லை. சிந்து தடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

அதன்பின் நெல்லையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் ஒரு அம்மாள் மாம்பழ மஞ்சள் கேட்டால் மிளகாய்ச் சிவப்பை எடுத்து நீட்டினார். நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மத்தியானம் பட்டினப்பாக்கம் பஸ் ஏறி, விசாரித்து விசாரித்துச் சீனிவாசபுரத்தில் வேதநாயகம் வீட்டைக் கண்டுபிடித்தார். கடல் உப்பில் அரித்துப்போன குடியிருப்பு. வாசலில் வேதநாயகத்தின் மனைவி தேசம்மா அலுமினியக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். இவர் யார் என்று தெரிந்ததும் கூடையை டொங்கென்று தரையில் போட்டாள்.

“வாங்க சார்! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? மார்க்கெட்ல அவனவன் ‘இன்னா தேசம்மா, குட்டை மீனா’ன்னு கேட்டுக்கினு போறான். முப்பது வருசமா எங்கிட்ட வாங்கின அம்மா நேத்து பக்கத்துக் கடைக்குப் போய்ட்டா. இந்த மனுசன் வாயத் தெறக்க மாட்டேன்றாரு. எங்கிட்டகூட மொத நாளு சொல்லல. நானு அழுத அழுகையில மறுநா ராத்திரி சொன்னாரு. சொத்து போனாலும் பரவால்ல சார், பேரு போச்சே!”

“தேசம்மா, உள்ள போ” என்றார் வேதநாயகம். அவள் போகவில்லை.

நெல்லையப்பன் கையைக் கூப்பினார். அவர் வயதுக்கு அது பார்க்கச் சகிக்கவில்லை. “நீங்க ஏன் சொல்லல? என் பேரச் சொல்லியிருக்கலாம்லா?”

“எப்டி சார் சொல்றது? அப்பனும் பொண்ணும் பேசாமக் கெடந்து இப்பத்தான் ஒண்ணா உக்காந்து சாப்டுறீங்க. அத நானு கெடுக்கறதா?” வேதநாயகம் காறித் துப்பிவிட்டுத் தொடர்ந்தார். “ஆனா ஒண்ணு சார். நானு சொல்லலைன்னா நீங்க சொல்வீங்கன்னு நெனச்சேன். அங்கதான் மோசம் போய்ட்டேன். அந்தப் பாப்பா மூஞ்சியப் பாக்காம எனக்கு இன்னாமோ மாதிரி கீது. எட்டு வருசம் சார்.”

“நாளைக்கே சொல்லிடுதேன். சத்தியமா சொல்லிடுதேன்.”

“சத்தியம்லாம் வாணாம். சொல்லுங்க, அது போதும்.”

மறுநாள் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. போனை எடுப்பார், மகள் “சாப்டீங்களாப்பா?” என்பாள், “சாப்ட்டேன்” என்பார், வைத்துவிடுவார். இந்த மாதிரி ஆட்களை என்ன செய்வது? கெட்டவன் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். இவர் நல்லவர்தான், கோழை. சித்திரையும் பாதி ஓடிவிட்டது.

வேறு வழியில்லை என்று குட்டையை வற்றடிக்க முடிவானது. ஓடை வாயை மணல் மூட்டையால் அடைத்து, மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்து, மிஞ்சிய நாட்டு மீன்களைத் தொட்டிகளில் பிடித்துவைத்துவிட்டு, கெளுத்தியை ஒன்றுவிடாமல் கொன்று சுண்ணாம்புக் குழியில் புதைக்க வேண்டும். பிறகு வெயிலில் சேறு வெடிக்கும்வரை காயப்போட வேண்டும். வருஷக்கணக்கில் நட்டு வளர்த்த கோரையும் அதோடு காயும். மறுபடி எல்லாம் முதலிலிருந்து. மறுபடி செய்ய அறக்கட்டளை சம்மதிக்குமா என்றே தெரியாது.

நெல்லையப்பன் காலையிலேயே போய்விட்டார். மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. தண்ணீர் வற்ற வற்றச் சேறு பளபளத்தது. சேறே நெளிந்தது. அவ்வளவு கெளுத்தி. கூலிக்கு வந்த ஆட்கள் கட்டையால் மண்டையில் அடித்துக் கூடையில் எறிந்தார்கள். சில மீன்கள் கரையேறி, செதிலில்லாத உடம்பை மண்ணில் இழுத்துக்கொண்டு ஊர்ந்து போயின. அவற்றையும் துரத்தி அடித்தார்கள். நெல்லையப்பனால் பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. எல்லாம் அவர் உயிர் கொடுத்தவை அல்லவா.

நாட்டு மீன் என்று தொட்டிக்கு வந்தவை கொஞ்சமே. சில பனையேறிகள், விரல் நீளக் கெண்டை சில. ஓர் உளுவைகூடக் கிடைக்கவில்லை.

சிந்து தொடை ஆழச் சேற்றில் நின்றாள். காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. கூலிக்காரர் ஒருவர் கூடையைத் தூக்கிக்கொண்டே, “அந்த வாட்ச்மேன் மட்டும் கையில கெடைச்சான்...” என்று ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

“அவரைப் பத்திப் பேசாதீங்க” என்று சிந்து வெடுக்கென்று சொன்னாள். கரைக்கு ஏறி வந்து அப்பாவின் காலடியில் தொப்பென்று உட்கார்ந்தாள். கண் செத்துப்போயிருந்தது.

“அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப எனக்கு மூணு வேளையும் அவர்தாம்ப்பா சோறு கொண்டுவந்தார். தேசம்மாக்கா எனக்காக மீன் இல்லாம ஆக்கி அனுப்புவாங்க. அப்படிப்பட்ட மனுஷன் பொய் சொல்லிட்டுப் போயிட்டாரேன்னுதான் தாங்கல. குட்டை போனதைவிட அதுதாம்ப்பா தாங்கல. இனிமே யாரை நம்பறது?”

நெல்லையப்பன் அவள் தலையைப் பார்த்தார். முடியில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அவரும் மண்ணில் உட்கார்ந்தார்.

“நாந்தாம்ட்டி” என்றார்.

மோட்டார் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. “என்ன?”

“நாந்தான். மீனு விட்டது நாந்தான். ஆடி அமாவாசைக்கு. மார்க்கெட்ல வாங்கியாந்து... அதுக வாயத் தெறந்து தெறந்து... உங்கம்மா மாதிரியே... எனக்குத் தெரியாதுட்டி, எனக்கு மீனப் பத்தி என்ன தெரியும்? பாத்துக்கிட்டு நிக்க முடியல. பக்கெட்டுல துண்டப் போட்டு மூடிக் கொண்டாந்தேன். அந்த மனுசனுக்கு உள்ள என்ன இருக்குன்னுகூடத் தெரியாது. அவளுக்குத் தண்ணி ஊத்தப் போறேன்னு சொன்னேன், கதவத் தெறந்து விட்டாரு. அவ்வளவுதான் அவரு செஞ்சது.”

சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. மூக்கைத் துண்டால் அழுத்திக்கொண்டு அழுதார். சிந்து அவரையே பார்த்தாள். முதலில் புரியாத பார்வை. அப்புறம் மெல்ல மெல்லப் புரிந்த பார்வை. சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்தாள், முகமெல்லாம் சேறானது.

“அம்மாவுக்காகவா செஞ்சீங்க?”

“ஆமா தாயி. அவளுக்காகத்தான்.”

சிந்து குட்டைப் பக்கம் திரும்பினாள். கூலிக்காரர்கள் கட்டையால் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கையை நீட்டி அவர் முழங்காலில் வைத்தாள்.

“சரி. தெரியாமப் பண்ணீங்க. அம்மா பேரைச் சொல்லிப் பண்ணீங்க. அதுக்கு நான் உங்க மேல கோபப்பட மாட்டேன்ப்பா. குட்டையை மறுபடி பண்ணிக்கலாம். முடியலைன்னா போகட்டும்.”

நெல்லையப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது. இதற்கா இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தோம்! மகளின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அவள் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

“அன்னிக்கு மரத்தடியில அண்ணன் சாவிய வச்சிட்டுப் போனாரே,” என்றாள், குரலை உயர்த்தாமல். “நீங்க என் பக்கத்துலதான் நின்னீங்க. அது யார் பேரைச் சொல்லிப்பா?”

திட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே பதில் வேண்டும் என்பதுபோல அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். நெல்லையப்பன் வாயைத் திறந்தார், மூடினார். உன்னை இழந்துவிடுவேனோ என்ற பயம் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் அதைச் சொன்னால் அந்தப் பழியும் அவள் தலையில் போய் விழும் என்பது அந்த நேரத்தில் அவருக்கே விளங்கிவிட்டது.

இன்னும் கொஞ்சம் காத்திருந்துவிட்டுச் சிந்து எழுந்தாள். தூக்குச்சட்டியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“நீங்க வீட்டுக்குப் போங்க. இது முடிஞ்சதும் நான் சீனிவாசபுரம் போயிட்டு வரணும்” என்று சொல்லிவிட்டு, மறுபடி சேற்றுக்குள் இறங்கிக் குனிந்தாள்.